உறங்கியவர்களின் அத்தியாயம்

பாட்ஸ்பியோர் மலைப்பாதையில்
தடுப்புக்கம்பம் இறங்கிவிட்டால்
யாரும் தனியாகப் போக முடியாது.
பனி ஒதுக்கும் என் வண்டி முன்னால்.
அதன் மஞ்சள் விளக்கைக் கண்ணால் பிடித்துக்கொண்டு
பின்னால் ஏழெட்டுக் கார்கள், ஒரு மீன் லாரி.
எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும்.
அந்த நிற்றலில்தான் வாசிக்கிறேன்.

புத்தகம் என்னுடையதல்ல.
எனக்கு முன் இந்த இருக்கையில்
இருபது வருடம் உட்கார்ந்த ஆஸ்முண்ட் விட்டுப்போனது.
கம்பளிக் கையுறைகள், காலாவதியான இருமல் மருந்து,
அவற்றுக்கும் அடியில் இது:
யாரோ ஒரு சிற்றூர்ப் போதகர்
சுவிசேஷங்களைப் பற்றி எழுதிய தியானங்கள்.
அட்டையில் டீசல் வாடை.
உள்ளே பென்சில் கோடுகள்,
அவன் பேச்சைப் போலவே கொஞ்சமாக.

நான் ஆலயத்துக்குப் போகிறவன் இல்லை.
ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் போவேன்,
பின்வரிசையில் தொப்பியைத் திருகியபடி.
ரேடியோ கரகரத்த ஒரு நாளில்தான் திறந்தேன்.
காப்பவருக்குத் தூக்கமில்லை என்று
எடுத்த எடுப்பிலேயே தொடங்கியிருந்தார்.
படக்கென்று மூடிவிட்டேன்.

நான் தூங்கினேனே.

பிப்ரவரியில் ஓர் இரவு,
பதினெட்டு மணி நேரம் ஓட்டியபின்,
என்ஜின் உறும, ஹீட்டர் சூட்டில்,
நாற்பது நிமிடம்.
அழைப்பு வந்தது கேட்கவில்லை.
தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்.
அதனுள்ளே யோரூன்.
மீன் ஆலையில் நான் வேலை பார்த்த காலத்தில்
சம்பளக் கணக்கு எழுதியவள்;
என் பெயரில் ஓர் எழுத்தை எப்போதும் விழுங்கிவிடுவாள்.
இதயம் வழியிலேயே நின்றுவிட்டது,
பாதை திறந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் மருத்துவர்.
விசாரணையில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை.
அவள் கணவன் ஐலிஃப்
கடையில் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் கை கொடுத்தான்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் மாதம் மறுபடியும் திறந்தேன்,
சண்டை போடுகிற எண்ணத்தோடு.
நடுவில் ஓர் அத்தியாயம், மூன்றே பக்கம்.
ஒலிவ மரங்களுக்கு இடையே அந்த ராத்திரி.
அவர் தரையில் முகம் பதித்துக் கிடக்கிறார்.
கல்லெறி தூரத்தில் நண்பர்கள் உறங்குகிறார்கள்.
எழுப்புகிறார். உறங்குகிறார்கள்.
எழுப்புகிறார். உறங்குகிறார்கள்.
போதகர் அவர்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை.
பாவம், களைப்பு என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை.
ஒன்றை மட்டும் கேட்கிறார்:
விழித்திருக்கத் தெரிந்தவர்கள்
எருசலேமில் ஒருவர்கூடவா இல்லை?
பிறகு ஏன் அதே தூங்குமூஞ்சிகளுக்காக
ஒரு விடியற்காலையில், கரையில் தீ மூட்டி,
மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தார்?

அந்த வரிக்கு அடியில் ஆஸ்முண்ட் கோடு போடவில்லை.
ஓரத்தில் ஒரு தேதி மட்டும்.
தொண்ணூற்றெட்டு, ஜனவரி பதினான்கு.
அன்று இந்த மலையில் என்ன நடந்தது?
பழைய பதிவேட்டைப் புரட்டினால் தெரியலாம்.
புரட்டவில்லை.
பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது,
அது போதும் எனக்கு.
வெளியே காற்று கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது.
முதன்முறையாக
இந்த இருக்கை கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது.

தேறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
நீல விளக்கைப் பார்த்தால் இன்னும் விரல் மரத்துப்போகிறது.
ஜெபம் செய்யவும் ஒழுங்காக வரவில்லை,
"இருக்கிறீரா" என்பதோடு நின்றுவிடுகிறது.
ஆனால் விடிவதற்குள் ஐலிஃப் வீட்டு முற்றத்தில்
திருடனைப் போலப் பனி ஒதுக்கிவிட்டு ஓடிவந்தவன்
போன வாரம் கதவைத் தட்டினேன்.
அடுப்பில் காட் மீன் வெந்துகொண்டிருந்தது.
இரண்டு தட்டு வைத்தான்.
ரொம்ப நேரம் உருளைக்கிழங்கைப் பற்றியே பேசினோம்.
கிளம்பும்போது கேட்டான்:
"உன் பெயரில் ஓர் எழுத்து கூடவோ?
அவள் எழுதி வைத்ததில் குறைகிறதே."
சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

கடைசிக் கார் வந்துவிட்டதாம்.
கண்ணாடியில் எண்ணிப் பார்க்கிறேன், ஒன்பது ஜோடி விளக்குகள்.
தேதிக்குக் கீழே நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.
புத்தகத்தை வைக்கிறேன்
கையுறைகளுக்கு மேலே.